மஞ்சள் பூசிய படகு

படகின் விரிசலை அடைத்திருந்தது பாக்டீரியா. கோடிக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகியிருந்தது. "மஞ்சள் மட்டும் படக்கூடாது. பட்டா, பிடிய விடச் சொல்ற மரபணு முழிச்சுக்கும்," என்று அந்த பாக்டீரியாவை விற்றவர் கலியமூர்த்தியிடம் எச்சரித்திருந்தார். வீட்டில் அதைச் சொல்ல அவன் மறந்துவிட்டான்.

இருட்டிலேயே கிளம்பியவன், நடுக்கடலில் காலடியில் தண்ணீர் ஏறுவதை உணர்ந்து மனைவி தனபாக்கியத்துக்குப் போன் போட்டான்.

"படகுக்கு மஞ்சள் பூசினியா?"

"பூசாம உன்னைக் கடலுக்கு விடுவனா மாமா? முன்பக்கத்து அணியத்துலேர்ந்து அடி வரைக்கும் கை காந்தக் காந்தப் பூசியிருக்கேன். எதுக்குக் கேக்குற?"

விடிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வேறு படகில்லை. விரிசலிலிருந்து தோல் நூல் நூலாகக் கழன்று மிதந்தது.

"சும்மாதான். நல்லா பூசியிருக்க," என்றான். "பாப்பாவ எழுப்பு, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."