சிவப்பு மையில் இரண்டு கோடு

“அந்தக் கையோட பதிவேட்டைத் தொடாதே. தள்ளி நில்லு” என்றார் பரம்பரையார். சொன்னவர் எச்சில் தொட்டுத் தொட்டுத்தான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பரம்பரையார் என்பது அவர் பெயர் இல்லை. வாயைத் திறந்தாலே ‘எங்க பரம்பரை’ என்று தொடங்குவதால் ஊர் வைத்த பெயர். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே தேவாலய அலுவலக எழுத்தருக்குத் தலைவலி வந்துவிடும். இரண்டு மாதமாகத் தினமும் வந்துகொண்டிருந்தது.

கதவோரம் நின்றவள் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவள். ஐம்பது வயது, முழங்கை வரை சுண்ணாம்பு. “நீங்க சொன்ன மாதிரி நீதிபதி குடும்பத்துக் கல்லு நாலுக்கும் வெள்ளை அடிச்சிட்டேன் சார்” என்றாள்.

“மூணுதானே? அவரு, சம்சாரம், கல்யாணமாகாத பொண்ணு.”

“நாலு இருக்கு சார்.”

“எண்ணத் தெரியாதவங்களை வேலைக்கு வச்சா இப்படித்தான்” என்று எழுத்தரைப் பார்த்துச் சொன்னார். “மூணோ நாலோ, பளிச்சுனு இருந்தா சரி. ஞாயித்துக்கிழமை என் சம்பந்தி வீட்டுக்காரங்க அத்தனை பேரும் வராங்க.”

ஞாயிறன்று தேவாலயத்துக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழா. அதைக் கட்டிக்கொடுத்த நீதிபதியின் வாரிசு என்று முதல் வரிசையில் உட்காரப் போவதாக, பரம்பரையார் சம்பந்தி வீட்டில் முன்கூட்டியே அளந்துவிட்டு வந்திருந்தார். பங்குச் சாமியாரோ ஆதாரம் இல்லாமல் நாற்காலி இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆதாரத்தில் ஒரே ஒரு முடிச்சு. பரம்பரையாருடைய கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவில் தகப்பன் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தால், அவர் பிறந்த ஆண்டில் அதே பெயரில் இரண்டு ஆண் குழந்தைகள். ஒன்று நீதிபதியின் பிள்ளை, இன்னொன்று குழி வெட்டுபவரின் பிள்ளை.

இதில் எது தம்முடைய கொள்ளுத்தாத்தா என்று பரம்பரையாருக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வந்ததில்லை. அந்தச் சந்தேகமே தமக்கு இழுக்கு என்று நினைத்தார்.

“எல்லாத்தையும் விளக்கி எழுதிட்டேன். படிங்க” என்று நான்கு தாள்களை மேசையில் வைத்தார்.

எழுத்தர் உரக்கப் படித்தார். “மணமகன் இதே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் என்று திருமணப் பதிவு கூறுகிறது. இந்த இருவரைத் தவிர அந்தப் பெயரில் மூன்றாவது நபர் கிடையவே கிடையாது. எல்லாப் பதிவேடுகளையும் நானே பார்த்துவிட்டேன்.” அந்த வரிகளுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

“சரி சார். ரெண்டு பேர்ல நீதிபதி பிள்ளைதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“கல்யாணப் பதிவுல எங்க கொள்ளுத்தாத்தா கையெழுத்துப் போட்டிருக்காரு. முத்து முத்தா. குழி வெட்டறவன் பிள்ளைன்னா கட்டைவிரலைத்தானே உருட்டியிருக்கும்? இதுக்கெல்லாம் ஆராய்ச்சி வேற.”

கதவோரம் நின்றவள் கையைத் துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்து, மேசையிலிருந்த அடக்கப் பதிவேட்டில் நேற்றைய அடக்கத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள். குழி வெட்டியவர் கையெழுத்துப் போடாமல் எந்த அடக்கமும் அந்தப் பதிவேட்டில் ஏறாது. “அஞ்சு தலைமுறையா எங்க வீட்டு ஆளுங்க இதுல கையெழுத்துப் போடறோம் சார்” என்றாள், யாரும் கேட்காமலே.

பரம்பரையார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுத்தர் போட்டுக்கொண்டார்.

“எல்லாப் பதிவேடும்னு எழுதியிருக்கீங்களே சார், அடக்கப் பதிவேட்டைப் பாத்தீங்களா?”

“செத்தவங்க பட்டியல் எனக்கு எதுக்கு? நான் தேடறது பிறந்தவரை.”

எழுத்தர் அவள் பக்கம் திரும்பினார். “அந்த நாலாவது கல்லு யாரோடதும்மா?”

“கைக்குழந்தையோடதுங்க. ரெண்டு சாண்தான் இருக்கும். எங்க அப்பா காலத்துலேர்ந்து நாங்கதான் புல்லு எடுக்கறோம்.”

எழுத்தர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய அடக்கப் பதிவேட்டை உருவி எடுத்தார். பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் விரல் ஓரிடத்தில் நின்றது. அதே பெயர். வயது பதினோரு மாதம். காய்ச்சல். தகப்பன், நீதிபதி.

கீழே குழி வெட்டியவரின் கையெழுத்து, முத்து முத்தாக. வீட்டில் அதே பெயருள்ள தன் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்து, அந்த மனிதர் இந்தக் குழியை வெட்டியிருக்கிறார்.

பரம்பரையார் பதிவேட்டைத் தம் பக்கம் இழுத்துப் பார்த்தார். “வேற யாராவது இதே பேர்ல இருந்திருக்கலாமில்ல?”

“மூணாவது ஆளே கிடையாதுன்னு நீங்கதானே சார் ரெண்டு கோடு போட்டிருக்கீங்க.” எழுத்தருக்கு இரண்டு மாதத் தலைவலி அந்த நொடியில் இறங்கியது. “நீதிபதி பிள்ளை பதினோரு மாசத்துல போயிடுச்சு. கல்யாணம் பண்ணது குழி வெட்டினவர் பிள்ளை. இந்தம்மாவோட கொள்ளுத்தாத்தாவும் உங்க கொள்ளுத்தாத்தாவும் கூடப்பிறந்தவங்க. முறைக்கு இவங்க உங்களுக்குத் தங்கச்சி.”

பரம்பரையார் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நல்லவேளை, வெளியே யாரும் இல்லை. அந்த அலுவலகத்துக்கு வந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக இன்னொருவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா” என்றார் குரலைத் தாழ்த்தி. “இந்த விஷயம் வந்து... நமக்குள்ள...”

அவள் உட்காரவில்லை. அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தாள்.

“வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார், எங்க பரம்பரைக்கே கேவலம்.”