உடன்பிறந்தோர் விபரம்

“சக்கரை இருக்காம்மா?”

“இல்லைங்க.”

“பிரசர்?”

“அதெல்லாம் எனக்கு ஏதுங்க தம்பி.”

காலையில்தான் பிரசர் மாத்திரையை விழுங்கிவிட்டு பஸ் ஏறியிருந்தாள் நல்லம்மா. பொய் சொல்லும்போது நாக்குக் குழறிவிடுமோ என்று வழியெல்லாம் பயம். குழறவில்லை. அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது.

பதுளை பஸாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் காப்புறுதி அலுவலகம். எதிரே படிவத்தை விரித்து வைத்திருந்த முகவர் நிமலன் ஹாலிஎலக்காரன். நல்ல பிள்ளை, வந்தவுடன் உட்காரச் சொல்லி, பிளேன்டீயும் கொடுத்தான்.

தோட்டத்தில் பக்கத்து லய வீட்டு ரமேஸ் நேற்றே சொல்லிக் கொடுத்திருந்தான். எதைக் கேட்டாலும் இல்லை என்று மட்டும் சொல்லவேண்டும். நோய் என்று வாயைத் திறந்தால் படிவத்தை மூடிவிடுவார்களாம். இப்போதைக்குச் சாகமாட்டார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் சாவுக்குக் காப்புறுதி. அடேயப்பா, என்ன நியாயம்!

பணம் அவளுக்கா? மகள் தனுஜாவுக்கு. இருபத்தெட்டு வயதாகிறது, பிறந்ததிலிருந்து கையும் விளங்காது, காலும் விளங்காது. சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்கி வெயிலில் உட்காரவைப்பது எல்லாம் அம்மா ஒருத்திதான். அந்த அம்மா போய்விட்டால் சும்மா பார்த்துக்கொள்ள யாருக்குத் தலையெழுத்து?

தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தேழு வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது சேமலாப நிதி வந்தது. அது புருஷன் அழகரின் வைத்தியத்துக்குப் போனது. பிறகு அழகரும் போய்விட்டார்.

இந்த வாரத்தை விட்டால் இதுவும் இல்லை. அறுபது வயதுக்கு முன்னால் சேர்ந்தால்தான் உண்டு. அடையாள அட்டைப்படி வருகிற வியாழக்கிழமை அவளுக்கு அறுபது.

நிமலன் விறுவிறுவென்று கேட்டுக்கொண்டே போனான். நெஞ்சுவலி, ஆஸ்துமா, ஒப்பரேசன். இல்லை, இல்லை, இல்லை.

“கூடப்பொறந்தவங்க?”

இதை ரமேஸ் சொல்லித் தரவில்லை.

அதற்கும் ஓர் இல்லை சொல்லியிருக்கலாம். அத்தனை சொன்னவளுக்கு இன்னொன்று சொல்வதில் என்ன கேடு? ஆனால் வாய் வரவில்லை. இடுப்பில் தன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு நடந்தவளை எப்படி இல்லை என்பது?

“அக்கா ஒருத்தி இருந்தா தம்பி. ஏழு வயசுல வயித்தால போயி செத்துட்டா.”

“அடடா. பேரு?”

“விஜயலெட்சுமி.”

பேனா நின்றது. நிமலன் அவளுடைய அடையாள அட்டையை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தான். படத்தில் இருந்தது அவள்தான். பெயர் விஜயலெட்சுமி.

நல்லம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவள் பிறந்ததை அப்பா பதியவே இல்லை. பதினைந்து வயதில் தோட்டத்தில் பேர் பதியப் போனபோது, பத்திரம் இல்லாமல் முடியாது, பதினெட்டு ஆனால்தான் முழுச் சம்பளம் என்றார்கள். கங்காணிதான் வழி சொன்னார். செத்தவளின் பிறப்புப் பத்திரம் பெட்டிக்குள் சும்மாதானே கிடக்கிறது, கொண்டுவாருங்கள். அக்கா செத்ததையும் யாரும் பதிந்திருக்கவில்லை. அன்றைக்கே வேலை கிடைத்தது. கல்யாணம், சேமலாபம், வாக்கு எல்லாம் அந்தப் பெயரில்தான்.

“அப்ப உங்க நெச வயசு?”

“அம்பத்தேழு.”

நிமலன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“இதை வேற யார்கிட்டயும் சொல்லிறாதீங்கம்மா. நாளைக்கு உங்க மக சார்பா யாராச்சும் காசு கேட்டு வந்தா, இந்தப் பேருக்காரி அப்பவே செத்துட்டான்னு சொல்லி ஒரு சதம் தரமாட்டாங்க.”

சொந்தப் பெயருக்கு மாறுவதென்றால் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு நடையாய் நடக்கவேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

நல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மகளுக்காகத்தான், மன்னிச்சுக்கடி அக்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“அக்காவை அடிச்சிருங்க தம்பி. அப்படி ஒருத்தி இல்லைன்னே எழுதுங்க.”

நிமலன் அவளைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்தான்.

“அக்காவை எப்படிம்மா அடிக்கிறது? இந்த அட்டைப்படி நீங்கதான் அக்கா. தங்கச்சிதான் இருக்கக்கூடாது. உங்க பேரு என்ன?”

“நல்லம்மாங்க.”

“அது எங்கயாச்சும் பதிஞ்சிருக்கா?”

லயத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அழகர் சாகும்போதும் அந்தப் பெயரைத்தான் சொன்னார். பதிந்த இடம் என்று யோசித்துப் பார்த்தாள்.

“இல்லைங்க.”

“அப்ப தொல்லையில்ல.”

அவன் ‘எவருமில்லை’ என்று எழுதிப் படிவத்தை அவள் பக்கம் திருப்பினான். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினான்.

உடன்பிறந்தோர் எவருமில்லை என்று விஜயலெட்சுமி கையெழுத்துப் போட்டாள்.