மனப்பாடம்

அம்மா முதல் பொத்தானில் விரலை வைத்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது போன் இல்லியேடி?"

"இல்லம்மா, கம்ப்யூட்டர்தான். நம்பர அடி. ஒரு மெசேஜ் போகும். யாரு அனுப்புனதுன்னு தெரியாது."

அம்மாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கல்லூரியில் விஸ்காம் இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி. அவளும் வகுப்புத் தோழி ரெஜினாவும் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது இது. வாசலில் இருக்கும் கூடையில் கைப்பேசியைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்த ஒருவரின் எண்ணை அழுத்த வேண்டும். 'உங்கள் எண்ணை ஒருவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்' என்று அந்த எண்ணுக்குச் செய்தி போகும். போய்ச் சேர்ந்தால் சுவரில் ஒரு பல்பு எரியும்.

நூறு பல்பு மாட்டியிருந்தார்கள். சாயங்காலம் வரை எரிந்தது பதினொன்று.

வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் சொந்த எண்ணைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. துறைத்தலைவர் மனைவியின் எண்ணை மூன்று முறை தப்பாக அடித்துவிட்டு, பொத்தான் சரியில்லை என்று சொல்லி நழுவினார்.

அம்மா தடுமாறவில்லை. பத்து இலக்கத்தையும் டக்டக்கென்று அழுத்திவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மடிக்கணினித் திரையில் எண் வந்து விழுந்தது. முதல் நான்கைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணனுடைய பழைய எண்.

மூன்று வருடத்துக்கு முன், அண்ணன் வேறு சாதியில் கட்டிக்கொண்ட மறுநாள், அப்பா அவனைத் தலைமுழுகினார். அதோடு விட்டாரா? அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து மகளின் தலைமேல் வைத்து அழுத்தினார். இனி அவனுக்குப் போன் பண்ண மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். அம்மாவின் கைப்பேசியிலிருந்து அவன் பெயரையும் அவரே அழித்தார்.

சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு முறை அந்த எண்ணை அழுத்தியவள் அம்மா. சத்தியத்துக்குப் பிறகு ஒரு முறைகூட அழுத்தவில்லை. ஒரு பிள்ளையோடு பேசினால் இன்னொரு பிள்ளைக்கு ஆகாது என்றால் பெற்றவள் என்னதான் செய்வாள்? யாராவது கேட்டால் எனக்கு ஒரே பொண்ணு என்று சொல்லக்கூடப் பழகிவிட்டாள்.

ஆனால் தங்கை பேசுகிறாள். வாரம் தவறாமல் பேசுகிறாள்.

சித்தப்பாக்களின் வசவு தாங்காமல் அண்ணன் முதல் வாரமே அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டான். புது எண் அவள் கைப்பேசியில் 'ஜெராக்ஸ் கடை' என்ற பெயரில் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மா முகத்தில் எதுவும் மறையாது, அப்பா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். இப்படித்தான் மூன்று வருடமாகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

சென்று சேரவில்லை.

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் நேரம் ஆகுமா?"

"ஆகும்மா."

புது எண்ணை அடித்தால் போதும். அவள் விசைப்பலகையில் கை வைத்தாள்.

ஒன்பது. நான்கு.

அதற்குமேல் வரவில்லை.

ஜெராக்ஸ் கடையைத் தொட்டால் அண்ணன் குரல் வரும். எண்ணை யார் பார்த்தார்கள்? பேசாத அம்மாவுக்குப் பத்தும் தெரிகிறது. அவளுக்கு அவமானமாக இருந்தது.

கைப்பேசியை எடுக்கலாம் என்று வாசலைப் பார்த்தாள். கூடைக்கு மேல் அப்பா குனிந்திருந்தார்.

பக்கத்து அறையில், இரண்டு பேர் சேர்ந்து படகு ஓட்டும் விளையாட்டில், யார் பெற்ற பிள்ளையோடோ இவ்வளவு நேரம் சிரித்துச் சிரித்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அது முடிந்து தன் கைப்பேசியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன, கெளம்பலாமா?"

"இதோ வரேங்க," என்றாள் அம்மா. நகரவில்லை.

பிறகு மெல்ல, "எரியலையேடி," என்றாள்.

அந்தக் குரலை அவளால் தாங்க முடியவில்லை.

பல்புகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒரு விசை வைத்திருந்தார்கள். அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஒரு பல்பு எரியும். விட்டால் அணைந்துவிடும்.

அழுத்தினாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பல்பு எரிந்தது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நடந்துபோய் அதற்கு நேர் கீழே நின்றாள். மஞ்சள் வெளிச்சம் நெற்றியில் விழுந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்பர மாத்தல, பாத்தியா," என்றாள், வாசலுக்குக் கேட்காதபடி. "எனக்குத் தெரியும். நான் கூப்புடுவேன்னு அப்படியே வெச்சிருக்கான். உங்கப்பா மனசு மாறட்டும். மொத போனு இதுக்குத்தான்."

அவள் தலையை ஆட்டினாள்.

"அங்கேயே உக்காந்திருக்கியே. இங்க வந்து பாரேன்டி."

ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலவும் இருந்தது.

எழுந்தால் விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும்.

"நீ பாரும்மா," என்றாள். "எனக்கு வேலை இருக்கு."