உடைந்த கட்டி

அச்சு இயந்திரத்தின் வாயிலிருந்து, கணப்பில் எரிக்கும் கரிமண் கட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கரும்பளபளப்பாக வருகின்றன. கூரைத் தகட்டின் ஓட்டை வழியே ஆஃபலி மாவட்டத்தின் நவம்பர் வெயில் சாய்ந்து விழுகிறது. பழுப்புத் தூசி அதில் மெல்ல மிதக்கிறது. இருபது கட்டிகளை அடுக்கி நாடாவால் இறுக்கும் நோரீன், பாதியாக உடைந்த ஒன்றைச் சூட்டோடு ஏப்ரன் பைக்குள் போடுகிறாள். உடைந்தது தொழிலாளிக்கு என்பது போன மாதம் வரை இங்கே வழக்கம். இப்போது அதையும் தூளாக்கி மறுபடி அச்சில் போடச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவள் கணவன் மாலக்கி அணைந்த கணப்பைப் பார்த்தபடி, மூன்று போர்வைக்குள் இருமிக்கொண்டு கிடக்கிறான். முப்பது வருடம் இந்த ஆலைக்காகச் சதுப்பு நிலத்தில் இதே கரிமண்ணைச் சுரண்டியவன்.

"பையில என்ன அண்ணி?" மேற்பார்வையாளன் ஃபெர்கல், மாலக்கியின் தம்பி, கை நீட்டுகிறான். "என்னை வம்புல மாட்டி விடாதீங்க. குடுங்க." எடுத்துக் கொடுக்கிறாள். "உங்கண்ணன் நெஞ்சுக்குள்ளயும் ரெண்டு மூட்டை தூசி கிடக்கு. அதையும் அச்சுல போடணுமான்னு மேல கேட்டுச் சொல்லு." அவன் காதுகள் சிவக்கின்றன. கட்டியைத் தூள் தொட்டிக்குள் விட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைக்கிறான். "சாயங்காலம் அண்ணனைப் பார்க்க வரேன்." "வா," என்கிறாள் நோரீன், அடுத்த நாடாவை இழுத்தபடி. "கோட்டைக் கழட்டாம உக்காரு."