ஊசியக்கா

வீட்டுக்கார அம்மா மருமகளின் பெட்டியை வாசலுக்கு வெளியே தள்ளினார்.

"போடி வெளிய, ஊசியக்கா!"

டிவி சீரியலில் குடும்பத்தைக் கெடுக்கும் பாத்திரம் அது. இப்போது எங்கள் தெருவில் எதிர்த்துப் பேசும் பெண்ணுக்கெல்லாம் அதுதான் பெயர்.

"உப்பு கம்மின்னுதானே சொன்னேன், அத்தை?"

"அதே ஊசிக் குரல்!"

மாடியில் குடியிருக்கும் நான் இறங்கி வந்தேன்.

"பாருங்க தம்பி! போய்ச் சேர்ந்தாளே உங்க சம்சாரம், வாயத் திறந்தா தேன். எனக்கு வாய்ச்சது ஊசியக்கா."

"அந்த நடிகைக்கு நம்ம பாஷையே தெரியாதும்மா. ஊசியக்காவுக்கு டப்பிங் பேசினது என் சம்சாரம்தான். உங்களுக்குத் தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு கடைசி வரைக்கும் பயந்தா."

மருமகளின் பெட்டியை நானே தூக்கி உள்ளே வைத்தேன். அவர் தடுக்கவில்லை.