நீலக் கிரகத்துப் பிரார்த்தனை

“அதுக்கு அப்புறம் என்ன வரும் சார்?”

கேட்டவர் நகரப் பேருந்தில் நடத்துனராக இருக்கும் ஒரு பெண். சீருடையைக்கூட மாற்றாமல், தோளில் தொங்கும் டிக்கெட் பையோடு, இரண்டு ட்ரிப்புக்கு நடுவில் கிடைத்த அரை மணி நேரத்தில் ஸ்டுடியோவைத் தேடி வந்திருந்தார். எழுத்தாளருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“எதுக்கு அப்புறம்?”

“உங்க விண்வெளி சீரியல்ல, நீலக் கிரகத்துல ஒரு அம்மா, உடம்பு முடியாத மக பக்கத்துல உக்காந்து கும்பிடுவாங்களே. நாலு வரி சொல்லுவாங்க. அஞ்சாவதுக்கு வாயைத் திறக்கறப்போ காட்சி மாறிடுது. மிச்சம் என்னன்னு கேக்கத்தான் வந்தேன்.”

எழுத்தாளர் சிரித்துவிட்டார். நாலு வருடமாக ஓடும் சீரியல். வாரம் ஒரு கிரகம், கிரகத்துக்கு ஒரு சாமி. முதல் அரை மணி நேரம் அந்த ஊர் ஜனங்கள் விழுந்து விழுந்து கும்பிடுவார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் கப்பலின் கேப்டன் போய்த் திரையை விலக்குவார். பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு ஏமாற்றுப் பேர்வழி ஒளிந்திருப்பான். ஜனங்கள் தலைகுனிந்து நிற்க, கப்பல் கிளம்பிவிடும். இப்படி இருநூறு சாமிகளுக்குச் சாயம் வெளுத்தாகிவிட்டது. படப்பிடிப்பில் அவரை ‘கிரகம் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

நடத்துனர் விஷயத்தைச் சொன்னார். அவருடைய வீட்டுக்காரருக்கு முதுகெலும்பில் கட்டி. ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நாளைக் காலையில் ஆபரேஷன். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர். வார்டு டிவியில் அந்தக் காட்சியைப் பார்த்ததிலிருந்து தினமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எந்த வரிகள் என்று எழுத்தாளர் கேட்கவில்லை. நடத்துனரே, நிறுத்தத்தின் பெயர் சொல்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

“பேர் தெரியாதவனே, பக்கத்தில் இரு.
விளக்கு அணைந்தாலும் எழுந்து போய்விடாதே.
வலியை எடுக்க முடியாவிட்டால்
வலிக்கிறவள் கையையாவது பிடித்துக்கொள்.”

பிறகு, “அவர் ‘வலிக்கிறவன்’னு மாத்திச் சொல்லுவார், அவ்வளவுதான்” என்றார்.

எழுத்தாளர் மேசைமேல் ஒழுங்காக இருந்த காகிதங்களை மறுபடி ஒழுங்குபடுத்தினார். டீ ஆறுவதற்குள் எழுதி முடித்த வசனம் அது என்று பேட்டிகளில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது அவர் வழக்கம். அதையே இப்போதும் சொன்னார்.

“அது பிரார்த்தனையே இல்லம்மா. ஏமாளி ஜனங்க இப்படித்தான் கும்பிடுவாங்கன்னு காட்டறதுக்கு வச்சது. கடைசியில அந்தச் சாமி என்னாச்சுன்னு பாத்தீங்கல்ல?”

“பாத்தோம் சார். செத்துப்போன சாட்டிலைட்டு. அவரும் பாத்தார்.”

“அப்புறமுமா சொல்றார்?”

“மறுநாள் காலையிலயும் சொன்னார்.”

எழுத்தாளருக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அப்படியெல்லாம் நம்ப விடாதீர்கள் என்றார். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை, நம்பி நம்பிக் கடைசியில் ஏதாவது ஏடாகூடமாக ஆகிவிட்டால் இரண்டு மடங்காக வலிக்கும், டாக்டர் சொல்வதைக் கேட்டால் போதும் என்று மளமளவென்று கொட்டித் தீர்த்தார். குரல் உயர்ந்ததை அவரே கவனிக்கவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுக் கத்துகிற பயணிகளைப் பார்த்துப் பழகிய பொறுமையோடு நடத்துனர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பலிக்கும்னு அவர் சொல்லவே இல்ல சார். சொன்னா பயம் போகுதுங்கறார். நிம்மதியா தூங்கறார். நாலு வரி சட்டுனு முடிஞ்சுபோகுது, இன்னும் ரெண்டு வரி இருந்தா தேவலைன்னார். அதான் வந்தேன்.”

“இல்லம்மா. நாலே வரிதான்.”

நடத்துனர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். “பரவால்ல சார். உள்ளதை ரெண்டு தடவை சொல்லிக்கச் சொல்றேன்” என்று சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

எழுத்தாளர் அடுத்த வாரக் கிரகத்தை எழுத உட்கார்ந்தார். பேனா நகரவில்லை. ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். கால் மணி நேரம் போயிருக்கும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவர் மூன்று மாடியையும் ஓட்டமாக இறங்கி வாசலுக்கு வந்தார். மூச்சு இரைத்தது.

அந்த அம்மா அப்போதே பஸ் ஏறிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். எந்தப் பஸ் என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, புருஷன் பெயர் என்ன, ஒன்றையுமே எழுத்தாளர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

“ஏதாவது கொடுக்கணுமா சார்?” என்றார் வாட்ச்மேன்.

எழுத்தாளர் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொடுக்க இன்னும் எட்டு வரிகள் இருந்தன. ஆறு வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரி அறையில், மனைவியின் கையைப் பிடித்தபடி அவரே மனமுருகி எழுதி, நாற்பது நாளும் அவள் காதருகே சொன்ன பிரார்த்தனை அது. அவள் பிழைக்கவில்லை என்ற ஆத்திரத்தில்தான் இருநூறு சாமிகளின் திரையை விலக்கினார். கடைசி நாள்வரை அவள் பயமில்லாமல் தூங்கினாள் என்பது இன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.