தெருவில் கிடக்கும் வீடு

கச்சிராயபாளையம் சாலைக்குப் பின்னாலுள்ள சந்தில் காலை வெயில் இறங்கியிருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து வந்து இங்கே வாடகைக்குக் குடியிருக்கும் நர்மதாவின் சாமான்களெல்லாம் தெருவில் கிடக்கின்றன. சாமை மூட்டை, மகளின் பள்ளிக்கூடப் பை, இன்னும் ஆவி அடங்காத குக்கர். வீட்டுக்காரர் ராஜதுரை கையில் பூட்டோடு வாசற்படியை மறித்து நிற்கிறார். "என் வூடு. காலி பண்ணுன்னா பண்ணணும். அதுக்கு மேல இன்னா பேச்சு?" நர்மதா அவர் முகத்தைப் பார்த்தே பேசுகிறாள். "உங்க வூடுதாங்க, நான் இல்லன்னு சொல்லல. முறையா நோட்டீஸ் குடுங்க. கோர்ட்டு சொல்லட்டும், நானே போயிடுறேன். இப்படித் திடீர்னு சாமானத் தூக்கிப் போடக் கூடாதுங்க." சந்தே கூடி நின்று பார்க்கிறது. மாடிப்படியில் ராஜதுரையின் மனைவி சிவரஞ்சனி இறங்கி வருகிறாள். யாரையும் பார்க்காமல் குனிந்து, முந்தானையால் பிடித்துக் குக்கரைத் தூக்குகிறாள். "வழி விடுங்க" என்கிறாள் கணவனிடம். அவள் அவரிடம் இப்படிப் பேசி இந்தச் சந்து கேட்டதேயில்லை. அவர் வாசற்படியை விட்டு விலகுகிறார். அவள் உள்ளே போகிறாள். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பெண் குனிந்து சாமை மூட்டையைத் தூக்குகிறாள், பிறகு இன்னொருத்தி, பிறகு எல்லோரும். நர்மதா மட்டும் அசையாமல் நிற்கிறாள், தன் வீடு நடந்து உள்ளே போவதைப் பார்த்தபடி.